திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஆர்.வி.யில் தங்கல்: வாசகர் கேள்வி – பதில்

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த ஆர்.வி. வண்டிகளில் குடும்பத்தோடு பயணம் போவதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கலிபோர்னியாவின் ஒயின் பிரதேசங்களில் இவ்வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஆர்.வி. ரிசார்ட்டுகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். ஆர்.வி. ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்து, நாப்பா, சொனோமா, பாசோ ரோபிள்ஸ் மூன்றையும் பார்த்துவிட்டுக் கடலோரச் சாலை வழியாகத் திரும்பலாம் என்று கணவர் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. இந்தப் பயணம் எங்களுக்குப் பொருந்துமா? (வாசகி, பிரிமாண்ட்)

பதில்: பயணம் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் இந்தத் திட்டம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆர்.வி. என்பது ஓட்டும்போது சுகம் தருகிற வண்டி அன்று. வாடகைக்குக் கிடைக்கும் 25 முதல் 30 அடி நீள வண்டியில் பாத்திரங்கள் ஓயாமல் குலுங்கும், காற்று பக்கவாட்டில் தள்ளும், ஒவ்வொரு புதிய இடத்திலும் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் ஆகியவற்றை இணைத்து மறுநாள் பிரிக்க வேண்டும். அதை ஓர் இடத்தில் நிறுத்தி, வெயில் மறைப்பை விரித்து, வாசலில் நாற்காலி போட்ட பிறகுதான் அது வீடாகிறது. நான்கு நாளில் மூன்று ஊர் என்றால் அந்த வீட்டில் நீங்கள் ஒரு மாலைப்பொழுதுகூட நிதானமாக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஊரில் மூன்று இரவு தங்குங்கள்.

எந்த ஊர் என்றால், சின்னக் குழந்தையும் முதியவர்களும் உள்ள உங்கள் குடும்பத்துக்கு நான் பாசோ ரோபிள்ஸைச் சொல்வேன். நாப்பா பள்ளத்தாக்கு அழகானதுதான், ஆனால் சுமார் 30 மைல் நீளமுள்ள அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் 29ஆம் எண் சாலை வார இறுதிகளில் நெரிசலில் திணறும். 1990இல் அந்த மாவட்டம் கொண்டுவந்த விதியின் காரணமாகப் பல ஒயின் ஆலைகளுக்கு முன்பதிவு இல்லாமல் போகவும் முடியாது. அங்கிருந்து மலையைக் கடந்து சொனோமாவுக்குப் போகும் பாதை செங்குத்தும் வளைவுகளுமாக இருக்கிறது, பெரிய வண்டிக்கு ஏற்றதன்று. கடலோரச் சாலையையும் விட்டுவிடுங்கள். பிக் சர் பகுதியில் அது குறுகலானது, மண்சரிவால் அடிக்கடி மூடப்படுவது. பாசோ ரோபிள்ஸ் 101ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே, சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஏறக்குறைய நடுவில், இரண்டிலிருந்தும் சுமார் 200 மைல் தொலைவில் இருக்கிறது. சான் ஹோசே, கில்ராய், சலினாஸ், கிங் சிட்டி என்று பெரும்பாலும் நேர்ச்சாலையிலேயே போய்விடலாம்.

அந்த ஊரின் முழுப்பெயருக்கு ஓக் மரங்களின் கணவாய் என்று பொருள். ஒயினுக்கு முன்னால் அது வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. போலந்து நாட்டுப் பியானோ மேதை பாதெரெவ்ஸ்கி 1914இல் உடல் வலிக்குச் சிகிச்சை தேடி இந்த ஊற்றுகளுக்கு வந்து, இடம் பிடித்துப்போய் நிலம் வாங்கினார். 1919இல் போலந்தின் பிரதமரான அவர், பின்னர் 1920களில் அந்த நிலத்தில் திராட்சை பயிரிட்டார். இன்று அந்த ஊரைச் சுற்றி இருக்கும் ஆர்.வி. ரிசார்ட்டுகளில் குடும்பங்களுக்கென்றே அமைந்தவை சில உண்டு. நீச்சல்குளம், வெந்நீர்த் தொட்டி, பிள்ளைகள் விளையாடும் இடம், துணி துவைக்கும் அறை, சுத்தமான குளியலறைக் கட்டடம் ஆகியவை அங்கே இருக்கும். பல இடங்களில் வேலிக்கு அப்பால் திராட்சை வரிசைகளே தெரியும். மது அருந்தாத குடும்பம் இங்கே ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. குளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும், சாயங்காலம் மிதிவண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும், பக்கத்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் ஒயின் ஒரு பொருட்டே அல்ல.

பகல்களுக்கும் குறைவில்லை. ஊருக்கு நடுவே நிழல் மரங்களோடு பூங்கா இருக்கிறது. தெற்கே சுமார் 10 மைலில் அடாஸ்கடெரோவில் உள்ள சிறிய விலங்குக்காட்சிச்சாலை நான்கு வயதுக் குழந்தைக்குச் சரியான அளவு. வடக்கே ஏறக்குறைய அதே தொலைவில் 1797இல் நிறுவப்பட்ட சான் மிகேல் மிஷன் தேவாலயம் உண்டு. 2003 டிசம்பரில் நேர்ந்த 6.5 அளவு நிலநடுக்கத்தில் சேதமடைந்து, நெடுநாள் மூடிக்கிடந்து, 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு நாளை மட்டும் கடலுக்கு ஒதுக்குங்கள். மேற்கே சுமார் 40 மைலில் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் கட்டிய மாளிகை, அதைத் தாண்டிச் சில மைலில் பியெத்ராஸ் பிளாங்காஸ் கடற்கரை. அங்கே யானைச் சீல்கள் நூற்றுக்கணக்கில் மணலில் கிடப்பதை மரநடைபாதையிலிருந்தே பார்க்கலாம், கட்டணமில்லை. உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை மாளிகையைவிட அதைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு கார் கூடவே வரட்டும். ஆறு பேரில் ஒருவர் ஆர்.வி.யையும் இன்னொருவர் காரையும் ஓட்டினால், ரிசார்ட்டில் கட்டிய இணைப்புகளை அவிழ்க்காமல் ஊர் சுற்றலாம். இல்லையென்றால் பால் வாங்கப் போவதற்கும் வீட்டையே கிளப்ப வேண்டும். எரிபொருளையும் கணக்கிடுங்கள். இவ்வகை வண்டி ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். பிரிமாண்டிலிருந்து போகவர 350 மைல் என்று வைத்தால் 35 முதல் 45 கேலன் வரை ஆகும்.

கேள்வி: ஆர்.வி. ஓட்டத் தனி உரிமம் வேண்டுமா? பிள்ளைகள் உள்ளே மேசையருகே உட்கார்ந்து விளையாடிக்கொண்டே வரலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சான் ஹோசே)

பதில்: கலிபோர்னியாவில் 40 அடி நீளம் வரையிலான மோட்டார்ஹோமை, அதாவது தானே ஓடும் ஆர்.வி.யை, கார் ஓட்டும் சாதாரண உரிமத்தோடு ஓட்டலாம். காரின் பின்னால் இழுவை வண்டி கட்டிப் போவதானால் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குச் சற்றுக் கண்டிப்பாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரக் கூடாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை பின்னிருக்கையில், குழந்தை இருக்கையிலோ, உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையிலோ கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். அந்த இருக்கைகள் முன்னோக்கிய வாகன இருக்கையில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை. ஆர்.வி.க்குள் இருக்கும் பக்கவாட்டு சோபாவிலும், மேசைக்கு எதிரே பின்னோக்கி அமைந்த பலகையிலும் அவற்றைப் பொருத்தக் கூடாது. முன்னோக்கிய பலகையிலும் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும், பூஸ்டருக்கோ தோள்பட்டையும் சேர்ந்த பட்டை கட்டாயம் தேவை. வண்டியை வாடகைக்கு எடுக்கும் முன்பே, எந்தெந்த இருக்கை முன்னோக்கியது, எதில் தோள்பட்டை உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளைக் காரில் அவரவர் வழக்கமான இருக்கையில் கட்டி அழைத்துப் போவதே எனக்குத் தெரிந்த மிகப் பாதுகாப்பான வழி. வண்டி ஓடும்போது பெரியவர்களும் எழுந்து நடக்க வேண்டாம். காப்பி கலக்க எழுந்த ஒருவர் திடீர் பிரேக்கில் விழுந்து கை முறிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வண்டியின் உயரம். பத்து அடிக்கு மேல் உயரமுள்ள வண்டியை உணவகத்தின் டிரைவ்-த்ரூவிலும் மாடிக் கார் நிறுத்தத்திலும் நுழைக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: மின் இணைப்பு 30 ஆம்பா, 50 ஆம்பா என்று முன்பதிவுப் படிவத்தில் கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? மாவு அரைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை எடுத்துப் போகலாமா? (வாசகி, சன்னிவேல்)

பதில்: தேர்வு உங்களுடையதன்று, வண்டியினுடையது. வண்டியின் மின்கம்பி 30 ஆம்புக்கானது என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான் கிடைக்கும். 50 ஆம்ப் வண்டிக்கு இரண்டு தனிக்கம்பிகள் வழியாக 12,000 வாட் வரை கிடைக்கும். 30 ஆம்ப் வண்டியை அடாப்டர் போட்டு ரிசார்ட்டின் 50 ஆம்ப் மின்கம்பத்தில் செருகினாலும் அந்த அளவு அதிகமாகாது. நம் சமையலுக்கு இது முக்கியம். ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட், மைக்ரோவேவ் அதே அளவு, மின்சாரக் குக்கர் 1,000 வாட். மூன்றும் சேர்ந்தால் 4,000 வாட். உடனே மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். சாதம் வைக்கும்போது மைக்ரோவேவைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

ஊர்க் கிரைண்டர் 230 வோல்ட்டுக்கானது, ஆர்.வி.யின் செருகுமிடங்களோ 120 வோல்ட். எடுத்துப் போக வேண்டாம். வீட்டிலேயே அரைத்து, புளிப்பதற்கு முன்பே மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். பாசோ ரோபிள்ஸின் கோடை வெயிலில் மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். தாளிப்பதை வெளி மேசையில் சிறிய கேஸ் அடுப்பு வைத்துச் செய்யுங்கள். உள்ளே கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். இரவு 10 மணிக்குமேல் அமைதி காக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா ரிசார்ட்டுகளிலும் உள்ள விதி. மஞ்சள் கறை படிந்த இருக்கைத் துணிக்கு வாடகை நிறுவனம் தனியே பணம் பிடிக்கும், ஆகையால் ஒரு பழைய விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கழிவுத் தொட்டியை நாமே காலி செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அது அவ்வளவு கடினமா? (வாசகர், இர்வைன்)

பதில்: அருவருப்பு இயல்புதான். ஆனால் முறை தெரிந்தால் அது பத்து நிமிட வேலை. முறை தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதை அவசர அவசரமாகத்தான் விளக்குகிறார்கள்.

வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேருவது கிரே டேங்க். கழிவறையிலிருந்து போவது பிளாக் டேங்க். முழு இணைப்பு உள்ள இடத்தில், அதாவது தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் வாசலிலேயே இருக்கும் இடத்தில் நாங்கள் முதன்முறை தங்கியபோது, குழாய்தான் இணைத்தாயிற்றே என்று பிளாக் டேங்கின் வால்வை இரண்டு நாள் திறந்தே வைத்திருந்தேன். நீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு தொட்டியின் அடியில் கட்டியாகத் தங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலை முழுவதும் அதைக் கரைப்பதிலேயே போயிற்று. பிள்ளைகளைக் கூட்டிப் போவதாகச் சொன்ன இடத்துக்கு அன்று போக முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஆகவே பிளாக் டேங்கின் வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு, கையுறை அணிந்து, முதலில் பிளாக், பிறகு கிரே என்ற வரிசையில் திறந்து விடுங்கள். பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இதற்காகவே கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்து கிரே வால்வையும் மூடி நீரைச் சேர்த்து வைக்க வேண்டும். எளிதில் கரையும் காகிதத்தை மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய், சோற்றுப் பருக்கை, ரசத்தின் மண்டி எதையும் தொட்டியில் விடாதீர்கள். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயை அலசும் குழாயும் ஒருபோதும் ஒன்றாக இருக்கக் கூடாது. குடிநீர்க் குழாயை மாட்டும் முன் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு கருவியைக் குழாய்முனையில் பொருத்துங்கள், இல்லாவிட்டால் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வெடித்துப்போகலாம்.

வண்டியில் நீர் சூடாக்கும் தொட்டி பெரும்பாலும் 6 முதல் 10 கேலன்தான். பெரியவர்கள் ரிசார்ட்டின் குளியலறைக் கட்டடத்தில் குளிப்பது எல்லாருக்கும் வசதி. அங்கேயும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாசோ ரோபிள்ஸின் நிலத்தடி நீர், இறைப்பது ஊறுவதைவிட மிகுந்துபோய், மிக மோசமான நிலையில் இருப்பவற்றுள் ஒன்றாக மாநில அரசால் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த ஊரில் கிணறு வற்றிய குடும்பங்கள் இருக்கின்றன.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (வாசகர், சாக்ரமெண்டோ)

பதில்: ஏப்ரல் அல்லது அக்டோபர். ஏப்ரலில் குன்றுகள் பச்சையாக இருக்கும், கொடிகள் துளிர்த்திருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகலில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மேற்கு மலையின் இடைவெளி வழியாகக் கடற்காற்று புகுவதால் இரவு மட்டும் குளிர்ந்துவிடும், கம்பளி தேவைப்படும். நாப்பா, சொனோமா பக்கம் இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் காட்டுத்தீயை மறக்கக் கூடாது. 2017 அக்டோபரிலும் 2020 செப்டம்பரிலும் அங்கே பெருந்தீ பரவியது. முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ஓரிரு ஆலைகளில் ஒயின் சுவைத்துப் பார்க்க விருப்பம். பிள்ளைகளை உடன் அழைத்துப் போவது சரியா? (வாசகி, சான் டியாகோ)

பதில்: சட்டம் தடுக்கவில்லை. 21 வயதுக்குட்பட்டவர் அருந்தக் கூடாது, பெற்றோர் அனுமதித்தாலும் கூடாது. ஆனால் உடன் வரலாம். சில ஆலைகள் பிள்ளைகளைத் தாமே அனுமதிப்பதில்லை, சில புல்வெளியும் பழச்சாறும் வைத்து வரவேற்கின்றன. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை. இரண்டாவது ஆலையில் பிள்ளைகளின் பொறுமை தீர்ந்துவிடும். சுவைப்பவர் வண்டியைத் தொடக் கூடாது. ரிசார்ட்டின் வரவேற்பறையில் கேட்டால் சுற்றுலா வேன்களைப் பற்றிச் சொல்வார்கள். திறந்த புட்டியைக் காருக்குள் வைத்துக்கொண்டு வருவதும் குற்றம், டிக்கியில் வையுங்கள். நீங்கள் சான் டியாகோவில் இருப்பதால் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, ஒரு மணி நேரத் தொலைவிலேயே டெமெகுலா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கும் குடும்பங்களுக்கான ஆர்.வி. ரிசார்ட் உண்டு, விடியற்காலையில் தோட்டங்களுக்கு மேலே வெப்பக்காற்றுப் பலூன்கள் எழும்புவதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

கேள்வி: என் அப்பா கம்பத்தில் நாற்பது ஆண்டுகள் பன்னீர் திராட்சை பயிரிட்டவர். இப்போது எங்களோடு இருக்கிறார். முதன்முதலாக ஒரு இரவு மட்டும் ஆர்.வி.யில் தங்கிப் பார்க்க நினைக்கிறோம். அவருக்கு இந்தத் தோட்டங்களில் பார்க்க ஏதாவது இருக்குமா? (வாசகர், பிளசன்டன்)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான். ஒரு இரவுச் சோதனைக்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். நாம் கும்பிடப் போகும் சிவ விஷ்ணு ஆலயம் இருக்கிற லிவர்மோரே பழைய ஒயின் ஊர். வென்டி, கன்கானன் என்ற இரண்டு ஆலைகளும் 1883இல் அங்கே தொடங்கப்பட்டவை. பக்கத்தில் டெல் வாலே ஏரிப் பூங்காவில் முகாம் இடங்கள் உள்ளன. அங்கே பழகிவிட்டு, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் அவரைப் பாசோ ரோபிள்ஸுக்குக் கூட்டிப் போங்கள்.

கம்பத்தில் கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். இங்கே கொடியைக் கம்பியில் நிமிர்த்தி வேலிபோல் நிறுத்துகிறார்கள், குளிர்காலத்தில் அது இலையுதிர்ந்து உறங்கும், ஆண்டுக்கு ஒரே ஒரு காய்ப்பு. கவாத்து செய்யும் முறை, சொட்டுநீர்க் குழாயின் இடைவெளி, எலி பிடிக்க ஆந்தைகளுக்கென்று உயரமான கழியில் மாட்டிய மரப்பெட்டி எல்லாவற்றையும் அவர் உங்களைவிட வேகமாகக் கவனிப்பார். பழம் நம் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது, தித்திப்பு தொண்டையைப் பிடிக்கும். ஆலைக்காரரிடம் இவர் திராட்சை விவசாயி என்று சொல்லுங்கள், அனுமதி கேட்டு, அப்பாவை ஒரு பழம் பறித்துத் தின்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத் தருவார்கள், அவர் சொல்வதையும் நின்று கேட்பார்கள். நீங்கள் அருகிலிருந்து மொழிபெயர்த்தால் போதும்.

பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இங்கே பல தோட்டங்களில் இரவில்தான் அறுவடை செய்கிறார்கள். தோட்டத்தை ஒட்டிய நிறுத்துமிடம் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கிடைத்தால், அதிகாலை மூன்று மணிக்கு வரிசைகளுக்கு நடுவே விளக்குகள் நகர்வது தெரிந்ததும் அப்பாவை எழுப்பி, ஒரு கம்பளியைப் போர்த்தி வாசலில் உட்கார வையுங்கள்.